ஏற்றுமதிக்கு மட்டும்

உங்கள் தெருமுனையில் ஒரு பலகாரக் கடை. கடைக்காரர் தங்கமான மனுஷர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் தற்செயலாகக் கவனிக்கிறீர்கள்... வீட்டுச் சமையலுக்கு ஓர் எண்ணெய், கடை வடைக்கு வேறு எண்ணெய். கேட்டால், 'இது ஒத்துக்காது சார், நெஞ்சைக் கரிக்கும். அதனாலதான் வீட்டுல சேர்க்கறதில்ல' என்கிறார், ரொம்ப வெள்ளந்தியாக. சண்டை போடுவீர்களா, பேசாமல் அடுத்த தெருக் கடைக்குப் போவீர்களா என்பது உங்கள் சுபாவம். ஆனால், எண்ணெய் கெட்டது என்பதைவிட, அது கெட்டது என்று அவருக்குத் தெரியும் என்பதுதான் உங்களை அதிகமாகச் சுடும். இல்லையா?

இப்போது அந்தக் கடையை ஸ்விட்சர்லாந்து என்றும், வடையை சிகரெட் என்றும் மாற்றிக்கொள்ளுங்கள்.

2019-ல் 'பப்ளிக் ஐ' என்ற ஸ்விஸ் அமைப்பு ஒரு சோதனை செய்தது. ஸ்விட்சர்லாந்தில் தயாராகி மொராக்கோவில் விற்கப்படும் சிகரெட்டுகளை அந்த ஊரிலேயே காசு கொடுத்து வாங்கி, லோசான் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் கொடுத்தார்கள். ஸ்விட்சர்லாந்திலும் பிரான்ஸிலும் விற்கும் சிகரெட்டுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். தார், நிகோடின், கார்பன் மோனாக்சைடு... மொத்தத்தில் மொராக்கோவுக்குப் போன சரக்குதான் காட்டமாக இருந்தது.

இதில் சட்டவிரோதம் எதுவுமே இல்லை. அதுதான் விசேஷம். ஸ்விட்சர்லாந்துக்குள் விற்கிற சிகரெட்டின் புகையில் தார் 10 மில்லிகிராம், நிகோடின் 1 மில்லிகிராம், கார்பன் மோனாக்சைடு 10 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு உண்டு. கப்பல் ஏறுகிற சிகரெட்டுக்கு அந்த வரம்பு இல்லை. அதே தேசம், அதே புகையிலை வியாபாரம், இரண்டு அளவுகோல். ஸ்விஸ் தொழிற்சாலைகளில் உருளும் சிகரெட்டில் பெரும்பங்கு வெளிநாட்டுக்குத்தான் போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் தலைமையகம் ஜெனீவாவில் இருக்கிறது. ஜப்பான் டொபாக்கோ இன்டர்நேஷனலின் தலைமையகமும் அதே ஜெனீவாவில்தான்.

அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடாதீர்கள். 'அப்போ 10 மில்லிகிராம் சிகரெட் நல்லது போலிருக்கே' என்று யாராவது பற்றவைத்துவிடப் போகிறீர்கள். இந்த அளவெல்லாம் இயந்திரத்தைக் குடிக்கவைத்து எடுக்கும் கணக்கு. மனுஷன் இயந்திரம் மாதிரி குடிப்பதில்லை. நிகோடின் குறைந்தால் இன்னும் ஆழமாக இழுப்பான், இன்னொரு இழுப்பு இழுப்பான், அல்லது இன்னொரு சிகரெட்டை எடுப்பான். உடம்புக்குப் போய்ச் சேருவது கிட்டத்தட்ட அதே விஷம்தான். எனவே, மொராக்கோக்காரரை ஸ்விஸ் சிகரெட் கொல்லும், ஸ்விஸ்காரரைக் கொல்லாது என்பதல்ல என் வாதம். இரண்டும்தான் கொல்லும். நான் கேட்பது வேறு. ஒரு பொருளைப் பற்றி ஒரு தேசம் தீர விசாரித்து, 'இவ்வளவுக்கு மேல் என் ஜனங்களுக்கு ஆகாது' என்று எழுதிவைத்த பிறகு, அந்தத் தீர்ப்பு எல்லைக்கோடு வரைக்கும்தான் செல்லுமா?

ஐரோப்பிய யூனியன் இந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலாம். 2001-ல் கொண்டுவந்த உத்தரவில், யூனியனுக்குள் தயாராகும் சிகரெட் எந்த நாட்டுக்குப் போனாலும் அதே 10-1-10 வரம்புக்குள் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். ஏற்றுமதிக்கு 2007 வரை அவகாசம் கொடுத்தார்கள். சிகரெட் கம்பெனிகள் சும்மா இருக்குமா? பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோவும் இம்பீரியல் டொபாக்கோவும் வழக்குப் போட்டன. ஐரோப்பிய நீதிமன்றம் 2002 டிசம்பரில் தீர்ப்பு சொன்னது. ஏற்றுமதிக்கும் வரம்பு செல்லும்!

கைதட்டுவதற்கு முன்னால், அதற்கு நீதிமன்றம் சொன்ன காரணத்தையும் கேட்டுவிடுங்கள். காட்டமான சிகரெட் வெளியே போனால், கள்ளத்தனமாக மறுபடி ஐரோப்பாவுக்குள்ளேயே வந்துவிடும். அதைத் தடுக்க இந்த விதி தேவை. அவ்வளவுதான். ஆப்பிரிக்காவில் இருப்பவனுக்கும் நுரையீரல் இருக்கிறது என்பதல்ல காரணம். குப்பையைப் பக்கத்து வீட்டில் கொட்டாதே, ஏனென்றால் காற்றடித்தால் நம் வாசலுக்கே திரும்பி வரும் என்கிற மாதிரி.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. 'லைட்', 'மைல்டு' என்று பாக்கெட்டில் போடுவது ஜனங்களை ஏமாற்றுகிறது என்று அந்த உத்தரவு தடை செய்திருந்தது. இந்தத் தடை ஐரோப்பாவுக்குள் விற்கும் பாக்கெட்டுக்கு மட்டும்தான் பொருந்தும் என்று நீதிபதிகள் விளக்கம் சொன்னார்கள். அதாவது, பொய் என்று தெரிந்துபோன ஒரு வார்த்தை, ஏற்றுமதிப் பாக்கெட்டில் தொடரலாம்!

நீதிபதிகளைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கையில் இருந்தது உள்நாட்டுச் சந்தையைச் சீர்செய்யும் அதிகாரம். அதற்குள் நின்று எழுதினார்கள். ஆனால் ஒரு நல்ல விதிக்குக்கூட இப்படிச் சுற்றி வளைத்துத்தான் காரணம் தேட வேண்டியிருக்கிறது என்றால், நேரான காரணத்துக்கு சட்டப் புத்தகத்தில் இடமில்லை என்றுதானே அர்த்தம்?

'சரிங்க, விக்கிறவன் விக்கத்தான் செய்வான். வேணாம்னா வாங்காம இருக்க வேண்டியதுதானே?' என்று உங்களில் சிலர் கேட்பது காதில் விழுகிறது.

வாங்க மாட்டேன் என்று சொன்ன தேசம் ஒன்று உண்டு. தாய்லாந்து.

1980-களில் அமெரிக்காவில் சிகரெட் பிடிப்பவர்களின் விகிதம் குறைந்துகொண்டே வந்தது. கம்பெனிகள் ஆசியாவைப் பார்த்தன. ஜப்பான், தைவான், தென்கொரியா, தாய்லாந்து நான்கிலும் சிகரெட் வியாபாரத்தில் அரசாங்கத்தின் பிடி இருந்தது. வெளிநாட்டு சிகரெட்டுக்குக் கதவு சாத்தியிருந்தது. அமெரிக்காவின் வர்த்தகச் சட்டத்தில் 301 என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதைக் காட்டி, 'கதவைத் திற. இல்லாவிட்டால் நீ எங்களுக்கு அனுப்பும் சரக்குக்கு வரி போடுவேன்' என்று அமெரிக்க அரசே கம்பெனிகளுக்காகப் பேசியது. ஜப்பானும் தைவானும் கொரியாவும் ஒவ்வொன்றாகத் திறந்தன. இதெல்லாம் நடந்த அதே வருஷங்களில் அமெரிக்காவுக்குள் வேறு ஒரு சினிமா ஓடிக்கொண்டிருந்தது. அரசாங்கத்தின் தலைமை மருத்துவ அதிகாரியான சி. எவரெட் கூப், ஊர் ஊராகப் போய், 'சிகரெட்டை விடுங்கள்' என்று தொண்டை வறளப் பேசிக்கொண்டிருந்தார். ஒரே அரசாங்கம், ஒரு கையில் மருந்து, இன்னொரு கையில் தீப்பெட்டி. கூப் அதையும் மூடி மறைக்கவில்லை. கொகெய்ன் அனுப்பாதீர்கள் என்று மற்ற நாடுகளிடம் கெஞ்சிக்கொண்டே நாம் சிகரெட் அனுப்புவது கடைந்தெடுத்த போலித்தனம் என்ற அர்த்தத்தில் வெளிப்படையாகவே சொன்னார்.

(ஒரு சின்ன இடைச்செருகல். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு பி.எல்.480 என்றால் ஞாபகம் வருவது அமெரிக்கக் கோதுமை. பசித்த நாடுகளுக்கு உணவு அனுப்பிய அதே திட்டத்தின் கீழ் வெளிநாடுகளுக்கு அமெரிக்கப் புகையிலையும் போனது. சாப்பாட்டுக்கும் புகைக்கும் ஒரே பில்!)

தாய்லாந்து மட்டும் மசியவில்லை. வழக்கு, இன்றைய உலக வர்த்தக அமைப்புக்கு முன்னோடியான 'காட்' சபைக்குப் போனது. 'இது உயிர் காக்கும் நடவடிக்கை' என்றது தாய்லாந்து. 'உயிர்தான் பெரிசு என்றால், உங்கள் அரசாங்கமே ஏன் சிகரெட் விற்கிறது?' என்று கேட்டது எதிர்த்தரப்பு. கேள்வி நியாயமானதுதான். தாய்லாந்து ஒன்றும் சந்நியாசி இல்லை. 1990-ல் தீர்ப்பு வந்தது. உள்ளூர் சிகரெட்டை விற்றுக்கொண்டே வெளிநாட்டு சிகரெட்டை மட்டும் தடுக்க முடியாது. ஆனால் உள்ளூர், வெளியூர் என்று பேதம் பார்க்காமல் விளம்பரத்தைத் தடை செய்யலாம், வரி போடலாம், எச்சரிக்கை அச்சடிக்கச் சொல்லலாம்.

தாய்லாந்து கதவைத் திறந்தது. கூடவே 1992-ல் விளம்பரத் தடையையும் புகைபிடிக்காதவர் பாதுகாப்பையும் சட்டமாக்கிவிட்டது. தோற்ற வழக்கிலிருந்து இவ்வளவு லாபம் எடுத்த பிரதிவாதியை நான் அதிகம் பார்த்ததில்லை. மற்றவர்கள் கதை? நான்கு நாடுகளையும் சேர்த்து ஆராய்ந்த இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1996-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். சந்தை திறக்கப்படாமல் இருந்திருந்தால் எவ்வளவு இருந்திருக்குமோ, அதைவிடத் தலைக்குக் கிட்டத்தட்ட 10 சதவிகிதம் அதிகமாக 1991-ல் புகைத்திருக்கிறார்கள். புது பிராண்டு வந்ததும் பழைய பிராண்டை விட்டுவிட்டு மாறினார்கள், அவ்வளவுதான் என்று கம்பெனிகள் சொல்வதுண்டு. கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

அந்த 1990 தீர்ப்பை நான் குறை சொல்ல வரவில்லை. அதன் நியாயத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். வெளிநாட்டுச் சரக்கை உள்ளூர்ச் சரக்குபோலவே நடத்து. வர்த்தக உலகத்தில் இதற்குக் கிட்டத்தட்ட வேதவாக்கு மாதிரி மதிப்பு. அப்படியானால் எதிர்த்திசையிலும் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டாமா? வெளிநாட்டு வாடிக்கையாளனை உள்ளூர் வாடிக்கையாளன்போலவே நடத்து என்று ஏன் ஒரு விதி இல்லை? பெட்டிக்குள் இருக்கும் சிகரெட்டுக்குக் கிடைக்கும் சமமரியாதை, அதைப் பற்றவைப்பவனுக்கு ஏன் கிடைப்பதில்லை?

வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தை முடிக்கும்போது போயும் போயும் வியாபாரியைக் கூப்பிட்டு நிறுத்துகிறார். நீதிபதியை அல்ல, ராஜாவை அல்ல. பிறத்தியார் பொருளையும் தன்னுடையதுபோலப் பார்ப்பதுதான் வணிகம் என்கிறார். தராசு இருக்கும் இடத்தில்தான் நடுவுநிலைமைக்கு நிஜமான பரீட்சை என்று நினைத்திருக்க வேண்டும்.

கம்பெனிகள் பக்கத்து வாதங்களையும் கேட்போம். கேட்காமல் திட்டுவது சுலபம்.

'குடிப்பவர் குழந்தை இல்லை, வளர்ந்தவர். கெடுதல் என்று தெரிந்தே வாங்குகிறார்.' இதுதான் முதல் வாதம், கொஞ்சம் பலமான வாதமும்கூட. ஒரு மனுஷன் தன் ஆயுளை எப்படிச் செலவழிப்பது என்பது அவன் பாடு என்று எனக்கும் தோன்றுவதுண்டு. ஆனால் இந்த வாதம் நிற்பது 'தெரிந்தே' என்ற ஒரே காலில். தெரியாமல் செய்வதற்குப் பெயர் சுதந்திரம் இல்லை. 'லைட்' என்ற வார்த்தை பொய் என்று தெரிந்த பிறகும் அதை ஏற்றுமதிப் பாக்கெட்டில் விட்டுவைத்துவிட்டு, 'அவர் தெரிந்துதானே வாங்குகிறார்' என்று சொல்வது, கண்ணைக் கட்டிவிட்டு 'பார்த்துப் போகக்கூடாதா?' என்று கேட்பதுபோல. போதாக்குறைக்கு, இது நிகோடின். முதல் சிகரெட்டை மட்டும்தான் அவன் தேர்ந்தெடுக்கிறான் என்று சொல்லலாம். அந்த முதல் சிகரெட்டைப் பெரும்பாலானவர்கள் எந்த வயதில் பற்றவைக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

'நாங்கள் விற்காவிட்டால் வேறொருவன் விற்பான்.' இதற்கு நான் பதில் சொல்ல வேண்டியதே இல்லை. தாலுகா ஆபீஸில் மேஜைக்கு அடியில் கை நீட்டுகிறவரும் இதையேதான் சொல்கிறார்.

'அந்தந்த நாட்டுச் சட்டத்தை மதிக்கிறோம்.' கேட்க மரியாதையாக இருக்கிறது. சட்டம் எழுத மருத்துவர்களும் ஆய்வுக்கூடங்களும் பணமும் உள்ள தேசத்தில் கவனமாக இருப்போம், அது இல்லாத தேசத்தில் சௌகரியமாக இருப்போம் என்பதன் நாகரிகமான வடிவம் இது. உலகத்தில் புகையிலை உபயோகிப்பவர்களில் ஐந்தில் நான்கு பேர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும்தான் இருக்கிறார்கள். வருஷத்துக்கு 70 லட்சத்துக்கும் மேல் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்தக் கேள்வி புதிதல்ல. 1839-ல் சீனத்து அதிகாரி லின் செக்ஸு, விக்டோரியா மகாராணிக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் ஊரில் அபினுக்குத் தடை என்கிறார்கள்; உங்களுக்கு ஆகாத ஒன்றை எங்களுக்கு ஏன் அனுப்புகிறீர்கள் என்பது அதன் சாரம். பாவம், அவர் தகவல் தப்பு. இங்கிலாந்தில் அப்போது அபின் மருந்துக் கடையிலேயே தாராளமாகக் கிடைத்தது. தகவல்தான் தப்பு, கேள்வி தப்பில்லை. பதிலாகப் போர்க்கப்பல்கள்தான் வந்தன. சரி, அந்த அபின் எங்கே விளைந்தது, தெரியுமா? பீகாரிலும் காசியைச் சுற்றியும், நம் விவசாயிகளின் வயலில். பாட்னாவிலும் காஜிப்பூரிலும் இருந்த கம்பெனி தொழிற்சாலைகளில் உருண்டையாக உருட்டி, பெட்டியில் அடைத்து, கல்கத்தா வழியாக அனுப்பினார்கள்.

அது வெள்ளைக்காரன் காலம், நமக்கென்ன என்று கையைத் துடைத்துக்கொள்ளலாம். வாருங்கள், 2003-க்கு.

அந்த வருஷம் நம் பாராளுமன்றம் சிகரெட் மற்றும் இதர புகையிலைப் பொருட்கள் சட்டத்தை நிறைவேற்றியது. நல்ல சட்டம். பொது இடத்தில் புகைக்கக்கூடாது, விளம்பரம் கூடாது, பாக்கெட்டில் எச்சரிக்கை வேண்டும் என்பதெல்லாம் இதில் வந்ததுதான். 2016 ஏப்ரலிலிருந்து பாக்கெட்டின் இரண்டு பக்கத்திலும் 85 சதவிகிதத்தை அந்தப் பயங்கரப் படம் அடைத்துக்கொண்டிருக்கிறது. பெருமைப்படலாம். அதே சட்டத்தின் 32-வது பிரிவைப் புரட்டுங்கள். ஏற்றுமதியாகும் சிகரெட்டுக்கோ மற்ற புகையிலைப் பொருளுக்கோ இந்தச் சட்டத்தில் உள்ள எதுவும் பொருந்தாது என்று எழுதியிருக்கிறது. ஒரே ஒரு விலக்கு. போய்ச் சேரும் நாட்டின் சட்டம் எச்சரிக்கை கேட்டால், எச்சரிக்கை இல்லாத பாக்கெட்டை அனுப்பக்கூடாது. கேட்காவிட்டால்?

கேட்காவிட்டால் வேண்டாம். ஸ்விஸ்காரரைச் சொன்னேனே, நாமும் அதே எண்ணெய்ச் சட்டிதான்.

இன்றைக்குப் பெரும்பாலான நாடுகள் ஏதோ ஓர் எச்சரிக்கையைக் கேட்கின்றன என்பது உண்மை. 2005-ல் அமலுக்கு வந்த உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் 180-க்கும் மேற்பட்ட தேசங்கள் இருக்கின்றன. (அமெரிக்காவும் ஸ்விட்சர்லாந்தும் 2004-ல் கையெழுத்துப் போட்டதோடு சரி, ஏற்று உறுதிசெய்யவில்லை.) எனவே 32-வது பிரிவால் நடைமுறையில் விளையும் கெடுதல் அளவில் சின்னதாக இருக்கலாம். எனக்கு உறுத்துவது அதன் மனசு. 'புற்றுநோய் வரும்' என்பது நமக்குத் தெரிந்த ஒரு செய்தி. அதைச் சொல்வதா வேண்டாமா என்பதை, கேட்பவருக்குக் கேட்கத் தெரியுமா என்பதைப் பொறுத்து முடிவு செய்கிறோம். பூச்சிமருந்து விஷயத்தில் உலகம் இதைவிட உருப்படியாக யோசித்திருக்கிறது. 1998-ல் ஏற்பட்ட ராட்டர்டாம் உடன்படிக்கைப்படி, தன் ஊரில் தடை செய்த ரசாயனத்தை ஒரு நாடு வெளியே அனுப்பினால், வாங்கும் நாட்டுக்கு அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கேட்டால்தான் சொல்வேன் என்ற பேச்சே இல்லை. பூச்சி கொல்லும் மருந்துக்கு இருக்கும் நாணயம், ஆளைக் கொல்லும் சரக்குக்கு இல்லை.

குண்டூர் பக்கம் ஒரு பார்வை. அங்கேதான் புகையிலை வாரியத்தின் தலைமையகம். 1975-ல் போட்ட சட்டத்தின்படி, மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. ஏற்றுமதியை வளர்ப்பது அதன் வேலைகளில் முக்கியமானது. டெல்லியில் சுகாதார அமைச்சகம் படம் அச்சடிக்கச் சொல்கிறது; வர்த்தக அமைச்சகம் சந்தை தேடுகிறது. கூப் காலத்து அமெரிக்கா ஞாபகம் வருகிறதா? அங்கே 1997-ல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்து, புகையிலை ஏற்றுமதியை வளர்க்க அரசுப் பணத்தைச் செலவழிக்கக்கூடாது என்றாவது நிறுத்தினார்கள். 2001 ஜனவரியில், பதவியை விட்டு இறங்க இரண்டு நாள் இருக்கும்போது, கிளிண்டன் அதே கருத்தை நிர்வாக உத்தரவாகவும் போட்டுவிட்டுப் போனார்.

குண்டூர் வாரியத்தை இழுத்து மூடு என்று எழுதிவிட்டு நான் காபி குடிக்கப் போகலாம். ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் புகையிலை போட்டுப் பிழைக்கும் விவசாயி எங்கே போவார்? வானம் பார்த்த பூமியில், நிச்சயமான ஏலமும் விலையும் உள்ள பயிர் அவருக்கு அது ஒன்றுதான். பச்சை இலையைக் கையாளும்போது தோல் வழியாக நிகோடின் ஏறித் தலைசுற்றல், வாந்தி என்று முதலில் அவஸ்தைப்படுவதும் இந்தத் தொழிலில் வேலை செய்கிறவர்கள்தான். சிகரெட் ஏற்றுமதியைப் பற்றிய எந்த நியாயமும் அந்த வயிற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். மாற்றுப் பயிருக்குப் பணமும் பத்துப் பதினைந்து வருஷமும் கொடுக்காமல் அவரை நிறுத்தச் சொல்பவர்கள்மீது எனக்கு மரியாதை இல்லை.

ஆனால் 32-வது பிரிவில் அந்த விவசாயி எங்கே இருக்கிறார்? அதில் இருப்பது அட்டையில் என்ன அச்சடிப்பது என்ற விஷயம். போகும் தேசத்துச் சட்டம் என்ன சொன்னாலும், சொல்லாவிட்டாலும், நம் ஊருக்கு அச்சடிக்கும் எச்சரிக்கையைக் குறைந்தபட்சம் அங்கும் அச்சடிப்போம் என்று மாற்றினால், குண்டூரில் ஒரு இலைகூடக் குறையப்போவதில்லை. எந்த மொழியில் அச்சடிப்பது என்று கேட்பார்கள். படத்துக்கு மொழி எதற்கு? அந்தத் தொண்டையையும் அந்தப் புண்ணையும் உலகத்தில் யாரும் மொழிபெயர்க்க வேண்டாம்.

'அங்கெல்லாம் சில்லறையாத்தான் வாங்குறாங்க, பாக்கெட்டை யாரு பார்க்கிறா?' என்று ஒருவர் கேட்கக்கூடும். வாஸ்தவம். காசாபிளாங்கா தெருவிலும் சரி, நம் பெட்டிக்கடையிலும் சரி, ஒற்றை சிகரெட் வாங்கிப் பற்றவைத்துக்கொண்டு போகிறவர் பாக்கெட்டைப் பார்ப்பதில்லை. ஆனால் அந்தப் பாக்கெட் நாள் முழுக்க விற்கிறவர் கையில் இருக்கும். அவர் பார்ப்பார். அவருக்கும் முன்னால், இங்கே தொழிற்சாலையில் அட்டையை மடித்துப் பெட்டியில் அடுக்குகிறவர் பார்ப்பார்.